இரண்டு விரல் ஜன்னல்

ரேஸ் மைதானத்தில் அவரை எல்லோரும் ஐஸ் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளுக்கு ஐஸ் வைத்துப் பிழைப்பவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் உண்டு. இவர் காருக்கு ஐஸ் வைத்துப் பிழைப்பவர். மனிதருக்கு ஐஸ் வைப்பது மட்டும் சுட்டுப் போட்டாலும் வராது. டீம் முதலாளி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, "எப்படி இருக்கு?" என்று ஆசையாகக் கேட்ட நாளில், "கடையில வேற அளவே இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர். இப்படி ஒரு வாயை வைத்துக்கொண்டு ஒரே டீமில் பதினொரு வருஷம் நிலைத்திருக்கிறார் என்றால், வேலை அவ்வளவு சுத்தம் என்று அர்த்தம்.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ரேஸ் கார் ஓடிக்கொண்டிருக்கிறவரை அதற்கு ஒரு குறையும் இல்லை. எதிர்க்காற்றே எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும். நின்றால்தான் வம்பு. பந்தயம் தொடங்குவதற்கு முன்னால் எல்லாக் கார்களும் வரிசையில் காத்து நிற்கும்போது காற்று கிடையாது. மேலே வெயில், கீழே கொதிக்கிற தார், உள்ளே கொதிக்கிற எஞ்சின். அங்கேயே சூடு ஏறிவிட்டால் பந்தயம் அங்கேயே முடிந்த மாதிரிதான். அந்த நேரத்தில் ஐஸ் அண்ணன் தகரப் பெட்டியோடு வருவார். பெட்டிக்குள் டிரை ஐஸ் துண்டுகள், பின்பக்கம் ஒரு சின்ன மின்விசிறி, முன்பக்கம் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். குழாயின் வாயை ரேடியேட்டருக்கு நேரே பிடித்துச் சுவிட்சைப் போட்டால் குளிர் வெள்ளைப் புகையாகப் பாயும். இன்னொரு பெட்டி பிரேக்குகளுக்கு. கொடி அசைவதற்குச் சற்று முன்பு இரண்டையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. பார்க்கிறவர்களுக்குப் பூவுக்குத் தண்ணீர் தெளிக்கிற மாதிரி இருக்கும்.

ஆனால் டிரை ஐஸ் பூ இல்லை. சாதாரண ஐஸ் கரைந்தால் தண்ணீராகும், துடைத்துவிடலாம். இது தண்ணீராகாது. கட்டி நேராக வாயுவாக மாறிவிடும். நாம் மூச்சில் வெளியே விடுகிறோமே, அதே கரியமில வாயு. அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, காற்றைவிடக் கனம். மூடிய இடத்தில் தரையில் உட்கார்ந்து, மெல்ல மெல்ல மேலே ஏறி, நல்ல காற்று இருந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்துபோகும். ஐஸ் அண்ணனுடைய வலது கட்டைவிரலில் பட்டாணி அளவுக்கு ஒரு வெள்ளைத் தழும்பு உண்டு. முதல் வருஷத்துப் படிப்பு அது.

அதனால் அவர் வைத்ததுதான் சட்டம். கையுறை இல்லாமல் பெட்டியைத் திறக்கக் கூடாது. எந்த மூடியையும் இறுக்கி மூடக் கூடாது. ஒரு தடவை பக்கத்து டீமில் டயர் மாட்டுகிற ஒருவர் வேடிக்கைக்காகத் தண்ணீர் பாட்டிலில் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார். பாட்டில் வெடித்து முகவாயில் ஐந்து தையல். இன்னொரு தடவை புதிதாக வந்த ஓர் எஞ்சினியர், டிரைவரின் ஹெல்மெட்டுக்குக் காற்று போகிற குழாய்க்குப் பக்கத்திலும் இரண்டு துண்டு வைத்தால் அவரும் குளிர்ச்சியாக இருப்பாரே என்று கேட்டார். ஐஸ் அண்ணன் கையுறையைக் கழற்றி வீசிவிட்டார்.

"குளிர்ச்சியாத்தான் இருப்பாரு. ஒரேயடியா குளிர்ந்து போயிடுவாரு" என்றார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் இருந்தது. டிரை ஐஸ் ஏற்றிய வண்டியில் எப்போதும் ஜன்னல் இரண்டு விரல் திறந்திருக்க வேண்டும். மழை பெய்தாலும் சரி, தூசி பறந்தாலும் சரி. ஐஸ் ஏற்றி வருகிற மற்ற டீம் ஆட்களுக்கும் அவர் இதை ஓதிக்கொண்டே இருப்பார். "ரெண்டு விரல்!" என்று இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவார். அவர்களும் கிண்டலாகத் தூக்கிக் காட்டுவார்கள்.

குற்றம் குறை இல்லாத மனிதர் உண்டா? இவருக்கு இருந்த ஒரே பெருமை எடைப் பெருமை. ஐஸ் தொழிற்சாலையிலிருந்து மைதானத்துக்கு இரண்டரை மணி நேரம். எண்பது கிலோ ஏற்றினால் வழியிலேயே ஒரு பங்கு காற்றோடு போய்விடும். மைதானத்தில் இறக்கியதும் பெரிய மெக்கானிக் எடை போட்டு, எந்த டீமுக்கு எத்தனை கிலோ குறைந்தது என்று பிட்டின், அதாவது கார்களைத் தயார் செய்கிற கொட்டகையின், சுவரில் சாக்பீஸால் எழுதுவார். யாரோ எப்போதோ விளையாட்டாக ஆரம்பித்தது, விளையாட்டாகவே வளர்ந்து வினையாகிவிட்டது. மற்றவர்களுக்குப் பத்துக் கிலோ, பன்னிரண்டு கிலோ குறையும். ஐஸ் அண்ணனுக்கு ஏழு. துண்டுகளுக்கு நடுவே பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணிப்பார், கம்பளி போர்த்துவார், வெயில் ஏறுவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். ஒரே ஒரு தடவை ஆறு. அந்த ஆறைச் சொல்லிச் சொல்லியே வீட்டில் இருப்பவர்களின் காதில் ரத்தம் வர வைத்துவிட்டார். அவருடைய ஆசை ஐந்து.

வீட்டில் இருப்பவர்கள் இரண்டே பேர். மனைவி ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். ஃபிரேமுக்குத் தகுந்த மாதிரி கண்ணாடியைத் தேய்த்து உட்கார வைப்பதில் அவளுக்கு நிகர் அந்தக் கடையில் யாரும் இல்லை. இன்னொருவர் அவளுடைய அப்பா. தொலைபேசி நிலையத்தில் முப்பத்து நாலு வருஷம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் பழக்கம் போகவில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது யாரையாவது கூப்பிட்டாக வேண்டும். மகள் கடையில் இருக்கும்போது எடுக்க மாட்டாள் என்பதால் அந்தப் பாக்கியம் மருமகனுக்கு.

"மாப்ள, மாடி சாவி எங்க?"

"மாமா, நான் ரேடியேட்டரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன்."

"சரி, பிடிச்சுக்கிட்டே சொல்லுங்க."

இப்படித்தான் இருக்கும். ஐந்து தடவை அடித்தால் மூன்று தடவை வெட்டிவிடுவார் ஐஸ் அண்ணன். அதற்காகக் கிழவர் கோபித்துக்கொண்டதும் இல்லை, கூப்பிடுவதை நிறுத்தியதும் இல்லை.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் மனைவி ஒரு பந்தயம்கூடப் பார்த்ததில்லை. விடுமுறை நாளில்தான் கண்ணாடிக் கடையில் கூட்டம். அந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று லீவு விட்டார்கள்.

"நானும் வரேங்க. நீங்க அப்படி என்னதான் பண்றீங்கன்னு பாக்கறேன்" என்றாள்.

"புகை விடறேன். வேற என்ன?" என்றார் அவர். ஆனால் உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். அன்றைக்கு ஐந்து கிலோ என்று சுவரில் எழுதுவதை அவள் பார்க்க வேண்டும் என்று ராத்திரியே முடிவு செய்துவிட்டார்.

விதி பாருங்கள், அவர் வழக்கமாக ஓட்டுகிற வண்டி கிளட்ச் போய் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. அதில் ஓட்டுகிறவருக்கும் சரக்குக்கும் நடுவே இரும்புச் சுவர் உண்டு. அன்றைக்குக் கிடைத்தது சலவைக்கடை நண்பரின் வேன். முன்சீட்டும் பின்பக்கமும் ஒரே அறை மாதிரி. இது அவருக்குத் தெரியாமல் இல்லை. தொழிற்சாலையில் நான்கு பெட்டிகளையும் பின்னால் அடுக்கிவிட்டு, மனைவி பக்கத்து ஜன்னலைத் தானே இறக்கி, இரண்டு விரலை வைத்து அளந்து பார்த்தார்.

"இதை ஏத்தக் கூடாது. என்ன ஆனாலும்."

"சரி சாமி, ஏத்தல" என்றாள் அவள்.

முதல் ஒரு மணி நேரம் நன்றாகப் போயிற்று. அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே, கடையில் நடந்த கதைகளைச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒருவர் தன் கண்ணாடியைக் காணோம் என்று கடைக்கே வந்து சண்டை போட்டாராம், அது அவர் தலையிலேயே இருந்ததாம். இருவரும் சிரித்தார்கள். பிறகு சாலை போடுகிற இடம் வந்தது. ஒரு பக்கம் தார் காய்ச்சுகிறார்கள், இன்னொரு பக்கம் ஜல்லி கொட்டுகிறார்கள். கறுப்புப் புகையும் தூசியும் ஜன்னல் வழியாக உள்ளே ஏறின. அவளுக்கு இருமல் வந்து கண்ணில் நீர் கொட்டியது.

"என்னங்க, இதைத் தாண்டற வரைக்கும் கொஞ்சம் மூடிக்கலாமா?"

அவர் இரண்டு பக்கமும் மூடினார். ஏ.சி. போட்டு, வெளிக்காற்று வராதபடி குமிழைத் திருப்பினார். இரண்டு நிமிஷத்தில் தார் போடும் இடம் முடிந்துவிட்டது. கை ஜன்னல் பொத்தானுக்குப் போனது.

அங்கேதான் அந்த ஐந்து கிலோ குறுக்கே வந்தது. உள்ளே நல்ல குளிர். வெளியே நெருப்பு மாதிரி வெயில். திறந்தால் அந்த அனல் முழுக்கப் பெட்டிமேல் அடிக்கும். தெரியாதவன் செய்தால் தவறு என்று விட்டுவிடலாம். தெரிந்தவனுக்குத்தான் 'எனக்குத் தெரியாதா' என்கிற பேய் பிடிக்கும். அந்தப் பாலம் வரைக்கும் போகட்டும் என்று நினைத்தார். பாலம் வந்தது. அந்த பெட்ரோல் பங்க் வரைக்கும் என்று நினைத்தார். ஊருக்கெல்லாம் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிய மனிதர், தன் பெண்டாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இப்படிக் கணக்குப் போட்டார்.

அவள் சீட்டைப் பின்னால் சாய்த்து, அவருடைய சட்டையை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டாள். தலை வலிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றது. தூங்கிவிட்டாள் பாவம், வாரம் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிற உடம்பு என்று அவர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். அவருக்கும் நெற்றிப்பொட்டு தெறித்தது. மாடி ஏறியதுபோல மூச்சு வாங்கியது. காலையில் டீ குடிக்காததால் என்று எண்ணிக்கொண்டார். போன் அடித்தது. மாமனார். வெட்டினார். மறுபடி அடித்தது. வெட்டினார். மூன்றாவது தடவையும் வெட்டினார். நான்காவது தடவை, இந்தச் சத்தத்தில் அவள் எழுந்துவிடப் போகிறாளே என்கிற எரிச்சலில், வண்டியின் முன்பலகையில் செருகியிருந்த போனைத் தட்டினார்.

"என்ன மாமா?"

"மாப்ள, மோட்டார் போட்டேன். சத்தம் வருது, தண்ணி வரல."

"அணைச்சு... வைங்க. வந்து... பாக்கறேன்."

"ஏன் இப்படி மூச்சு வாங்குது? ஓடிக்கிட்டே பேசறீங்களா?"

"வண்டி ஓட்டறேன் மாமா."

"உக்காந்துதானே ஓட்டுவீங்க? சரி, அவகிட்ட குடுங்க. போன தடவை மோட்டாரை அவதான் சரி பண்ணா."

"தூங்கறா."

"யாரு?"

"உங்க பொண்ணுதான்."

"வண்டியிலயா? மாப்ள, அவ வண்டியில தூங்க மாட்டா. கைக்குழந்தையிலேருந்து தூங்கினதில்ல. ராத்திரி பூரா பஸ்ல போனாலும் முழிச்சுக்கிட்டே வருவா. எழுப்புங்க அவள."

அவர் இடது கையால் மனைவியின் தோளைத் தொட்டு அசைத்தார். தலை இந்தப் பக்கம் சாய்ந்தது. கூப்பிட்டார். கண் திறக்கவில்லை. பத்தொன்பது வருஷம் அவளோடு பஸ்ஸிலும் ரயிலிலும் போயிருக்கிறார், அவள் தூங்கி ஒரு நாளும் பார்த்ததில்லை என்பது அந்த நொடியில்தான் அவருக்குத் தெரிந்தது. அதற்கு அடுத்த நொடியில், ஜன்னல் மூடியிருப்பது தெரிந்தது.

வண்டி எப்படி ஓரத்துக்கு வந்தது என்று இன்றுவரை அவருக்கு நினைவில்லை. கதவைத் திறந்து இறங்கியதும் முழங்கால் மடங்கிக் கீழே விழுந்தார். தவழ்ந்துபோய் அந்தப் பக்கக் கதவைத் திறந்து, அவளைக் கக்கத்தில் கைகொடுத்து இழுத்து, மண்ணில் கிடத்தினார். வண்டிக்குள்ளிருந்து கிழவரின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "எழுந்தாளா? மாப்ள, எழுந்தாளா? மாப்ள!"

எதிரே ஒரு பஞ்சர் கடை. அதை நடத்துகிற அம்மாள் கையில் டயரோடு ஓடி வந்தார். என்ன, ஏது என்று கேட்கவில்லை. "முகத்துக்குக் காத்து விடுங்க, கூட்டம் போடாதீங்க" என்று, இல்லாத கூட்டத்தை அதட்டினார். டயரைப் போட்டுவிட்டு, கடையிலிருந்த அட்டையை எடுத்து வந்து விசிறினார். ஐஸ் அண்ணன் மனைவியின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவருக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டார், தெரியாதவற்றையும் கூப்பிட்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த அம்மாள் இரண்டு நிமிஷம் இருக்கும் என்றார். அவருக்கு அது ஒரு யுகம்.

அவள் இருமினாள். வாந்தி எடுத்தாள். கண்ணைத் திறந்து, வெயிலுக்குக் கூசி, கணவரைப் பார்த்தாள்.

"வண்டியை ஏன் நிறுத்தினீங்க? ஐஸ் கரைஞ்சிடுமே."

ஐஸ் அண்ணன் அந்த ரோட்டு ஓரத்தில் குழந்தை மாதிரி ஓவென்று அழுதார்.

பஞ்சர் கடை அம்மாள் கடையை அப்படியே போட்டுவிட்டுத் தன் வண்டியில் இருவரையும் ஏற்றிக்கொண்டுபோய் அருகிலிருந்த மருத்துவமனையில் சேர்த்தார். நர்ஸ் ஆக்ஸிஜன் வைத்தார். டாக்டர், அந்த வாயு கனமானது, சாய்ந்து படுத்திருந்ததால் அவளுக்குத்தான் அதிகம் ஏறியிருக்கிறது என்று விளக்கினார். "இன்னும் ஒரு பத்து நிமிஷம் போயிருந்தா..." என்று தொடங்கி, ஐஸ் அண்ணன் முகத்தைப் பார்த்து, மேலே சொல்லாமல் விட்டுவிட்டார். அந்தக் கருணைக்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம்.

"ஜன்னல் எப்படி மூடியிருந்தது?" என்று டாக்டர் கேட்டார்.

முகமூடியை விலக்கிக்கொண்டு அவள் சொன்னாள், "நான்தான் டாக்டர் மூடச் சொன்னேன். இவரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு, நான்தான் கேக்கல."

ஐஸ் அண்ணன் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

மைதானத்துக்குப் போன் செய்து, ஐஸ் வராது என்றார். ஏன் என்று சொன்னார். பெரிய மெக்கானிக் இரண்டு கெட்ட வார்த்தை சொன்னார், இரண்டும் அவரை இல்லை, ஐஸைத்தான். "கார் கிடக்குது கழுதை. நீ அங்கேயே இரு" என்றார். பிறகு நடந்தது மாலையில்தான் தெரிந்தது. விஷயம் பிட் முழுக்கப் பரவி, மற்ற டீம்காரர்கள் ஆளுக்கு ஒரு மண்வெட்டி ஐஸ் கொண்டுவந்து கொட்டினார்களாம். போட்டிக்காரர்கள்! பாட்டில் வெடித்து முகவாயில் தையல் வாங்கியவர்தான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். கார் ஆறாவதாக வந்தது. டிரைவர் ஹெல்மெட்டைக் கழற்றியதும் முதலில் கேட்டது, "அண்ணி எப்படி இருக்காங்க?" என்பதுதானாம். இதையெல்லாம் கேட்கக் கேட்க, இத்தனை பேருக்கு நான் என்ன செய்தேன், எல்லோரையும் திட்டியதைத் தவிர என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தார்கள். மாமனார் வாசலிலேயே நின்றிருந்தார். முதல் நாள் மருத்துவமனையிலிருந்து மகளே பேசிவிட்டாள் என்றாலும் நேரில் பார்க்கிறவரை அவர் போனைக் கையிலிருந்து வைக்கவில்லை. மகளின் தலையைத் தடவிப் பார்த்தார், கையைத் தடவிப் பார்த்தார். பிறகுதான் உள்ளேயிருந்து வந்த நாற்றத்தைப் பற்றிச் சொன்னார். அந்தக் களேபரத்தில் மோட்டாரை அணைக்க மறந்துவிட்டாராம். அது ஓடி ஓடி எரிந்துபோய்விட்டது.

"எரியட்டும் மாமா" என்று சொல்லி, ஐஸ் அண்ணன் கிழவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவருக்கு அவ்வளவுதான் சொல்ல வந்தது.

அன்றிலிருந்து கிழவரின் ஒரு அழைப்பைக்கூட அவர் வெட்டியதில்லை. "மாப்ள, இன்னிக்கு என்ன கிழமை?" என்றால் கிழமையைச் சொல்லி, தேதியையும் சேர்த்துச் சொல்வார். பஞ்சர் கடைக்குப் போய், டயர் நன்றாக இருந்த வண்டிக்கே நான்கு சக்கரத்துக்கும் காற்று பிடித்துக்கொண்டு வந்தார். காலையில் மனைவி கடைக்குக் கிளம்பும்போது அவள் செருப்பு போடுகிற சத்தத்தைக்கூட நின்று கேட்டார். எல்லாமே திரும்பக் கிடைத்த பொருளாக இருந்தது.

ஆனால் நெஞ்சில் ஒரு முள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவள் அதையேதான் சொன்னாள். நான்தான் மூடச் சொன்னேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்கணும். வந்தவர்கள், விடும்மா, தெரியாமல் நடந்தது என்று தேற்றினார்கள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ ஆற்றிக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்லலாம், உடம்பு கொஞ்சம் தேறட்டும் என்று தள்ளினார். பாலம் வரைக்கும், பெட்ரோல் பங்க் வரைக்கும் என்று தள்ளியது போலவே இதையும் தள்ளுகிறோம் என்பது பன்னிரண்டாவது நாள்தான் அவருக்கு உறைத்தது.

அன்று காலை சமையலறையில் அவள் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தாள். மாமனார் மேஜையில் உட்கார்ந்திருந்தார்.

"இனிமே இவருகூட எந்த வண்டியிலயும் போக மாட்டேம்பா. எனக்கு ராசி இல்ல. அன்னிக்கு இவரையும் சேத்துக் கொன்னிருப்பேன்" என்றாள்.

ஐஸ் அண்ணன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"நீ இல்ல. நான்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"நீ மூடச் சொன்னது ரெண்டு நிமிஷத்துக்கு. அந்த இடம் தாண்டினதும் திறந்திருக்கணும். நான் திறக்கல. முக்கால் மணி நேரம் வேணும்னே மூடி வச்சிருந்தேன். ஐஸ் கரையக் கூடாதுன்னு. அஞ்சு கிலோன்னு சுவத்துல எழுதறத நீ பாக்கணும்னு."

ரொட்டி கருகியது. அவள் அடுப்பை அணைத்தாள். கிழவர் மருமகனைப் பார்க்காமல் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை கிலோ குறைஞ்சது?" என்று கேட்டாள்.

"என்னது?"

"ஐஸ். கடைசியில எத்தனை கிலோ குறைஞ்சது?"

"தெரியாது. எடை போடல."

"போட்டிருக்கலாம். நான் எத்தனை கிலோவுக்குச் சமம்னாவது எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

இதைக் கத்திச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள். மாமனார் கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். "பன்னண்டு நாளா அவ தூங்கல மாப்ள, தன்னாலதான்னு நெனச்சுக்கிட்டு. இன்னிக்குத் தூங்குவா" என்று சொல்லிவிட்டு, கருகிய ரொட்டியை எடுத்துச் சுரண்டிச் சாப்பிட ஆரம்பித்தார். திட்டவில்லை. கிழவர் திட்டியிருக்கலாம், அதற்கு அவருக்கு முழு உரிமை இருந்தது.

அன்றைக்கே ஐஸ் அண்ணன் மைதானத்துக்குப் போனார். எல்லா டீம் ஆட்களையும் கூப்பிட்டு, வீட்டில் சொன்னதை அப்படியே அங்கேயும் சொன்னார். மனைவி மூடச் சொன்னாள் என்றே கேள்விப்பட்டிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெரிய மெக்கானிக் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து சுவரைக் கழுவினார். ஏழு, பத்து, பன்னிரண்டு எல்லாம் வழிந்து போயின. இனிமேல் எடை தொழிற்சாலையில் மட்டும்தான், மைதானத்தில் கிடையாது என்று அன்றைக்கு முடிவாயிற்று. கழுவுகிற வேலையில் பாதியை ஐஸ் அண்ணன் தானே செய்தார்.

வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை. சாப்பாடு வந்தது, துவைத்த சட்டை வந்தது, வார்த்தை வரவில்லை. அவரும் சமாதானம் பேசப் போகவில்லை. ஐஸ் வைக்கத் தெரியாத வாய் அது என்று முன்பே சொன்னோமே. ஆனால் அவள் தூங்கினாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, விடியும்வரை அசையாமல் தூங்கினாள். இருட்டில் அந்த மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருப்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. கோபமான மூச்சாக இருந்தால் என்ன, மூச்சு அல்லவா?

மூன்றாம் நாள் மாலை அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் கடையிலிருந்து வந்து, பையைக் கொக்கியில் மாட்டினாள்.

"அடுத்த ரேஸ் எப்போ?"

அவர் குழாயை மூட மறந்து திரும்பினார். "வர்ற ஞாயித்துக்கிழமை."

"நான் லீவு கேட்டிருக்கேன். அந்தக் காரை நான் இன்னும் பாக்கவே இல்லையே."

அவருக்குப் பேச்சு தடுமாறியது. "பஸ்ல வந்துடு. நான் ஐஸை இறக்கிட்டு ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன். இல்லேன்னா... நம்ம பழைய வண்டி ரெடியாயிடுச்சு, நடுவுல சுவர் இருக்கு, இருந்தாலும் எதுக்கு வம்பு..."

"எந்த வண்டியா இருந்தா என்ன?" என்றாள் அவள். "நீங்கதானே ஓட்டப் போறீங்க. உங்ககூடவே வரேன்."

சொல்லிவிட்டு, அவரைத் தாண்டிக் கையை நீட்டிக் குழாயை மூடினாள். ஐஸ் அண்ணன் சோப்பு நுரைக் கையோடு அப்படியே நின்றார்.